புதுக் கேரவனில் நாற்றமா? எந்த வாடைக்கு எந்தப் பழுது

என் மைத்துனர் தம்முடைய புதுக் கேரவனை இழுத்துக்கொண்டு வந்து, மலேசியாவின் பீடோரில் எங்கள் வீட்டு ஓரம், செம்பனைக் காட்டைப் பார்த்தபடி நிறுத்தினார். பதினாறு அடி வண்டி. எல்லாரும் வரிசையாக ஏறிப் பார்த்தோம். என் மாமியார் மட்டும் படியில் ஒரு காலை வைத்தவர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தக் காலையும் திரும்ப எடுத்துவிட்டார். "மாப்பிள்ளை, பால் ஸ்டோரில் ஆசிட் கலக்கும்போது வருமே, அந்த நெடி" என்றார். முப்பது வருடம் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டியவர்.

வண்டியை விற்றவர் அதற்கு "புது வண்டி வாசம்" என்று பெயர் வைத்திருந்தார். ஒரு மாதத்தில் தானாகப் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார். போகவில்லை. வீடுகளுக்கு அலமாரி செய்து பொருத்துவது என் தொழில் என்பதால் வண்டி என் தலையில் விழுந்தது.

அதற்குப் பிறகு இன்னும் சில கேரவன்களுக்குள் ஏறி இறங்கிவிட்டேன். எல்லாரும் "ஏதோ நாற்றம்" என்றுதான் தொடங்குகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நெடியா, வீச்சமா, கவிச்சா, புளிப்பா, பூசண வாடையா? நம் மொழியில் இவை ஐந்தும் வேறு வேறு. வண்டியிலும் அவை ஐந்து வேறு பழுதுகள். சரியான பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும், பிறகு எதுவும் தெரியாது. வண்டியை நன்றாக மூடி இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் விடுங்கள். பத்து நிமிடம் வெளிக்காற்றில் நின்றுவிட்டு, கதவைத் திறந்ததும் முதல் மூச்சில் என்ன வருகிறது என்று பாருங்கள். அந்த வண்டியில் இதுவரை ஏறாத ஒருவரை அழைத்துவந்தால் இன்னும் நல்லது.

உயிருக்கு ஆபத்தானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அழுகிய முட்டை வீச்சம்

இதற்கும் பலகைக்கும் பசைக்கும் சம்பந்தமில்லை. மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நாறும்.

முதலாவது எரிவாயுக் கசிவு. சமையல் வாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலந்து விற்கிறார்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, ஆகவே தரையோடு தேங்கும். குனிந்தால் வீச்சம் கூடுகிறது என்றால் தோம்பை, அதாவது எரிவாயுச் சிலிண்டரை, சந்தேகப்படுங்கள். விளக்கைப் போடாதீர்கள், எரிகிற விளக்கை அணைக்கவும் செய்யாதீர்கள், சுவிட்சுக்குள் வரும் ஒரு பொறி போதும். எல்லாரையும் வெளியே இறக்குங்கள், கதவைத் திறந்தே விடுங்கள், தோம்பின் வால்வை மூடுங்கள். வீச்சம் அடங்காவிட்டால் தூரப் போய் நின்று 999-ஐ அழையுங்கள். அடங்கிவிட்டால், வண்டி நன்றாகக் காற்றாடிய பிறகு வால்வைத் திறந்து, பாத்திரம் கழுவும் சோப்பை நீரில் கரைத்துக் குழாயிலும் ரெகுலேட்டரிலும் தடவுங்கள். குமிழி வரும் இடம் கசியும் இடம். ஒரு சின்ன விஷயம்: தோம்பு காலியாகப் போகும் நேரத்தில் கசிவே இல்லாமலும் அடுப்படியில் இந்த வீச்சம் சற்றுத் தூக்கலாக இருக்கும், ஏனென்றால் மெர்காப்டன் அடியில் மிஞ்சும் திரவத்தில் செறிந்துவிடுகிறது. அதற்காகச் சோப்பு நீர்ச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டாவது கழிவுநீர்த் தொட்டி. சிங்க்குக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்க வேண்டும், தொட்டியின் வாடையைத் தடுப்பது அந்த நீர்தான். நம் வெயிலில் சில வாரம் வண்டி சும்மா நின்றால் அது காய்ந்துவிடும். மேடுபள்ளச் சாலையில் ஓடினால் தளும்பி இறங்கியும் விடும். ஒவ்வொரு துளையிலும் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். வீச்சம் நின்றுவிட்டால் செலவே இல்லாமல் வேலை முடிந்தது.

மூன்றாவது மின்கலம். ஈய அமிலப் பேட்டரிக்கு அளவுக்கு மீறி மின்னேற்றினால் இதே வீச்சம் வரும். மின்னேற்றும்போது மட்டும் நாறுகிறது, பேட்டரி சூடாக இருக்கிறது, பக்கங்கள் உப்பியிருக்கின்றன என்றால் மின்னேற்றிக்கு மின்சாரம் வரும் சுவிட்சை அணையுங்கள். பேட்டரி முனையில் கிளிப்பைப் பிடுங்கிப் பொறி கிளப்பாதீர்கள், அங்கே ஹைட்ரஜனும் கூடவே நிற்கும்.

கருவாட்டுக் கவிச்சு

வண்டியில் யாரும் மீன் சமைக்கவில்லை, ஆனாலும் கவிச்சு அடிக்கிறது என்றால் ஏதோ ஒரு பிளக் அல்லது சுவிட்சு சூடேறிக்கொண்டிருக்கிறது. அவற்றைச் செய்யும் சில பிளாஸ்டிக்குகள் கருகத் தொடங்கும்போது மீன் வாடைதான் வரும். குளிர்சாதனம் ஓடும்போது மூன்று கால் பிளக்கைப் பாருங்கள். ஒரு கால் கறுத்திருக்கும், அல்லது கை வைக்க முடியாதபடி சுடும். நீட்டிப்பு வயரை உருளையிலேயே சுற்றி வைத்துக்கொண்டு குளிர்சாதனத்தை ஓட்டுவது நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு. வயரை முழுவதும் பிரித்துப் போடாவிட்டால் அந்தச் சுருளுக்குள்ளேயே உருகும். இணைப்பைத் துண்டித்துவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.

வாடையே இல்லை, எல்லாருக்கும் தலைவலி

இதுதான் எனக்குப் பெரிய பயம். கேமரன் மலையில் இரவு குளிர்கிறது, மழை வேறு, சாத்தே சுட்ட கரியடுப்பை உள்ளே தூக்கி வைத்துக் கதவை மூடுகிறார்கள். இல்லையென்றால் ஜெனரேட்டரை ஜன்னலுக்குக் கீழே ஓடவிடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை, நிறம் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே இறங்கினால் குறைகிறது என்றால் உடனே எல்லாரும் இறங்குங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். வண்டியில் அதற்கான அலாரம் ஒன்று இருக்கட்டும். பந்தலுக்கும் சீரியல் விளக்குக்கும் செலவழிக்கிறவர்கள் அதில் கஞ்சத்தனம் செய்ய வேண்டாம்.

கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது: சுடுகிற நெடி

என் மாமியார் சொன்னது இதைத்தான், கிட்டத்தட்டச் சரியாகவும் சொன்னார். பால் ஸ்டோரில் கித்தாப் பாலை உறையவைக்க ஊற்றுவது ஃபார்மிக் அமிலம். எறும்பின் லத்தீன் பெயரிலிருந்து அதற்கு அந்தப் பெயர் வந்தது. கேரவனில் கண்ணை எரிப்பது ஃபார்மால்டிஹைட், அந்த அமிலத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆக்சிஜனோடு சேர்ந்தால் அது ஃபார்மிக் அமிலமாகவே மாறும்.

எங்கிருந்து வருகிறது? சிப்போர்டு, எம்டிஎஃப் ஆகிய மரத்தூள் பலகைகள், பிளைவுட் மூன்றையும் ஒட்டுவது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைட் பிசின். அந்தப் பலகையின் மரத்தூள் பல நேரம் நம் கித்தா மரமே. இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டி, நாற்காலியாகவும் பலகையாகவும் ஆக்கிவிடுகிறார்கள். மாமியார் வெட்டிய மரம் திரும்பி வந்து அவர் மூக்கிலேயே ஏறியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

பிசினில் மீந்து நிற்கும் ஃபார்மால்டிஹைட் முதல் சில வாரங்களில் வேகமாக வெளியேறும். பிரச்சினை அதற்குப் பின்னால் இருக்கிறது. ஈரம் பட்டால் அந்தப் பிசின் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து மேலும் மேலும் விட்டுக்கொண்டே இருக்கும், வெப்பம் அதை இன்னும் முடுக்கும். வெப்பமும் ஈரமும் நமக்குப் பஞ்சமா? மைத்துனர் குடும்பம் ஒரு வார இறுதியில் தாப்பா வழியாகக் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவுக்கு ஏறியது. அங்கே இரண்டு இரவும் நெடியே இல்லை. சரியாகிவிட்டது என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். திங்கட்கிழமை மத்தியானம் பீடோர் வெயிலில் கதவைத் திறந்தபோது பழைய கதைதான். மலையில் அது தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவே.

இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் ஃபார்மால்டிஹைட்டை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு வீடிழந்தவர்களை இழுவை வண்டிகளில் குடியமர்த்தினார்கள். கண் எரிச்சலும் இருமலும் என்று புகார்கள் குவிந்தன. 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 வண்டிகளில் காற்றை அளந்தது. சராசரி நூறு கோடியில் 77 பங்கு, உச்சம் 590. அளந்தது குளிர்காலத்தில். நம் நாட்டில் வேலையிடங்களின் உள்காற்றுக்கான 2010 நடைமுறை விதி வைத்திருக்கும் எல்லை 0.1 பிபிஎம், அதே கணக்கில் நூறு கோடியில் 100 பங்கு. அது எட்டு மணி நேரம் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு. படுத்துத் தூங்கும் பெட்டிக்கு நான் அந்த எல்லையைத் தாராளமானது என்றுதான் சொல்வேன்.

இனி வேலை. முதலில் எந்தப் பலகை என்று பிடிக்க வேண்டும். இழுப்பறைகளைக் கழற்றி, உள்ளே கையடக்க விளக்கை அடித்துப் பாருங்கள். முன்பக்கம் பளபளவென்று மெலமைன் ஒட்டியிருக்கும், அந்தப் பக்கம் அதிகம் விடாது. அறுத்த விளிம்புகள், பின்புறம், படுக்கைக்கு அடிப்பலகை, கீல் உட்காரும் 35 மில்லிமீட்டர் குழி, சிங்க்குக்காக அறுத்த ஓட்டை, இவையெல்லாம் பூச்சில்லாமல் பச்சையாக விடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் மூக்கை வையுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் மறைவான இடத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, கழுவிக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி, இரண்டு மணி நேரம் வெயிலில் வையுங்கள். வேறு பலகைத் துண்டை இன்னொரு போத்தலில் வையுங்கள். திறந்து முகர்ந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். மைத்துனர் வண்டியில் படுக்கையின் அடிப்பலகைதான் முதல் குற்றவாளி. ராத்திரி முழுக்க மூக்குக்கு ஒரு முழம் கீழே!

அடுத்தது வெயில் வைத்தியம். தோம்பை இறக்குங்கள், பேட்டரியின் இணைப்பைத் துண்டியுங்கள், கொசு மருந்து போன்ற அழுத்தப் புட்டிகளையும் உணவையும் மருந்தையும் வெளியே எடுத்துவிடுங்கள். அலமாரிக் கதவுகள், இழுப்பறைகள் எல்லாம் திறந்திருக்கட்டும், மெத்தை நிமிர்ந்து நிற்கட்டும். காலை பதினொன்றுக்கு ஜன்னல்களை மூடி வெயிலில் விடுங்கள். இரண்டரை மணிக்கெல்லாம் எல்லாவற்றையும் திறங்கள், நான்கு மணி இடிமழைக்காகக் காத்திருக்க வேண்டாம். மேசை விசிறியைக் கதவருகில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், எதிர்முனை ஜன்னல் திறந்திருக்க வேண்டும். விசிறியை உள்பக்கம் திருப்பி வைத்தால் நெடி வண்டிக்குள்ளேயே சுற்றும், நான் முதல் நாள் செய்த முட்டாள்தனம் அது. மூடியிருக்கும் நேரத்தில் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், உள்ளே இருக்கக் கூடாது.

இது பெயின்ட், பசை நெடிக்கு நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே வெளியேற வேண்டியது ஓர் அளவுதான் இருக்கிறது. ஃபார்மால்டிஹைட்டுக்குப் பாதி பலன்தான், மேலே சொன்னபடி பிசின் புதிதாக விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே மூன்று வாரம் வெயில் காட்டிய பிறகு பச்சை விளிம்புகளை அடைக்க வேண்டும். நீரில் கரையும் பாலியூரிதேன் வார்னிஷ் இரண்டு கை பூசுங்கள், தூரிகை நுழையாத மூலைகளுக்கு அலுமினியத் தாள் ஒட்டுநாடா. தச்சுப் பட்டறையில் கேட்டால் அமிலம் கலந்து காயவைக்கும் லாக்கரை நீட்டுவார்கள், பளபளப்பு அருமையாக வரும். வாங்காதீர்கள். அதுவே ஃபார்மால்டிஹைட் பிசினால் ஆனது, நெருப்பை மண்ணெண்ணெய் ஊற்றி அணைத்த கதையாகிவிடும்.

ஈரத்தையும் குறையுங்கள், அதற்குக் குளிர்சாதனம் உதவும். ஆனால் கூரைமேல் இருக்கும் கேரவன் குளிர்சாதனம் பெரும்பாலும் உள்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. ஓடும்போது ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். மின்சாரம் வீணாகிறது என்று மைத்துனர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

இவ்வளவும் செய்து கண் எரிச்சல் நிற்கவில்லை என்றால் பலகையை மாற்றுவதுதான் வழி. வாங்கும்போது, ஃபார்மால்டிஹைட் குறைவாக விடும் பலகைக்கான இ1 முத்திரைக்குக் குறையாமல் கேளுங்கள். கிடைத்தால் ஜப்பான் தரத்தில் நான்கு நட்சத்திரம் போட்ட பலகை இன்னும் நல்லது, ஜப்பானுக்கு ஏற்றுமதியாகும் மலேசியப் பிளைவுட்டில் அந்த முத்திரையைப் பார்க்கலாம். வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் இத்தனை படிகளைக் கடக்கும்வரை அவர்களை அதில் படுக்க வைக்காதீர்கள்.

இணையத்தில் மலிவாக விற்கும் கையளவு மானிகளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மைத்துனரும் ஒன்று வாங்கினார். பக்கத்தில் கைச்சுத்திகரிப்பான் புட்டியைத் திறந்ததும் மானி சிவப்பாகி அலறியது. பலவற்றுக்கு ஆல்கஹாலும் ஃபார்மால்டிஹைட்டும் ஒன்றுதான். இன்று கூடியதா நேற்று கூடியதா என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்பும் காரமுமான பிளாஸ்டிக் நெடி

கண்ணாடியிழைச் சுவர், குளியல் தொட்டி இருக்கும் வண்டிகளில் வரும். அது ஸ்டைரீன், படகு செய்யும் இடத்தைக் கடந்து போனவர்களுக்குத் தெரிந்த வாடை. பிசின் முழுதாக இறுகாமல் வண்டி வெளியே வந்துவிட்டது என்று பொருள். வெயில் வைத்தியம் இதற்குப் பிரமாதமாகப் பிடிக்கும், சூட்டில் பிசினும் மேலும் இறுகும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால் அது கலவைக் கோளாறு, உத்தரவாதத்தில் திருப்பிக் கொடுங்கள்.

புளிக்காடி வாடை

ஜன்னல் ஓரத்தில் அடித்த சிலிக்கோன் காயும்போது அசெட்டிக் அமிலம் விடும். சில நாளில் போய்விடும். பெரிதுபடுத்த வேண்டாம்.

மெத்தை

நுரை மெத்தையின் வாடையும் சில நாளில் போய்விடும். உறையைக் கழற்றி, நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் நிறுத்துங்கள். நுரையை நேர் வெயிலில் போட்டால் மஞ்சளித்துப் பொடியும்.

மழைக்கு மறுநாள் பூசண வாடை

புது வண்டிதானே, பூசணம் எப்படி வரும் என்று கேட்கிறார்கள். கூரை இணைப்பில் ஒரு முள் அளவு வழி இருந்தால் போதும். மழை விட்டதும் மூலைகளையும் ஜன்னலுக்கு அடியிலும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், பலகை மெத்தென்று உள்ளே போனால் பின்னால் நீர் நிற்கிறது. தரையின் வினைல் விரிப்பு கனத்த, இனித்த வாடை அடித்தாலும் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் தங்கினால் வினைலை மென்மையாக்கச் சேர்த்த பொருள் சிதைந்து அப்படி நாறும். கசிவை அடைக்காமல் நாற்றத்தைத் துரத்துவது வீண் வேலை.

வாடையை வாடையால் அடிப்பது

பாண்டான் இலை, காப்பித் தூள், எலுமிச்சை மணம், சாம்பிராணி எல்லாம் பார்த்துவிட்டேன். எதுவும் நெடியை எடுக்காது, மூக்கை ஏமாற்றும். கரித்துண்டு பெயின்ட் வாடையைக் கொஞ்சம் பிடிக்கும், ஃபார்மால்டிஹைட்டைச் சரியாகப் பிடிக்காது. ஓசோன் கருவியோடு எலுமிச்சை மணத்தையும் சேர்த்தால் இரண்டும் வினைபுரிந்து புதிதாக ஃபார்மால்டிஹைட்டையே உண்டாக்கும். எல்லாவற்றையும்விட மோசம் கொசுவர்த்திச் சுருள். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் ஃபார்மால்டிஹைட் 51 சிகரெட் விடும் அளவை எட்டக்கூடும் என்று கண்டது. என் மாமனார் தோட்டத்துப் பழக்கத்தில் கேரவனுக்குள் ஒன்றைக் கொளுத்தி வைத்திருந்தார். நான் மூன்று வாரம் வெயிலில் நின்று துரத்தியதை ஒரே மாலையில் திரும்ப அழைத்துவிட்டார். வலை போட்டுக் கொடுத்தேன்.

சரியாகிவிட்டதா?

வெயில், வார்னிஷ், வலை எல்லாம் முடிந்து ஒன்பதாவது வாரம் வண்டியைப் பகலெல்லாம் மூடி வைத்துவிட்டு மாமியாரை அழைத்தேன். இந்த முறை முந்தானையை எடுக்கவில்லை. உள்ளே போய்ப் படுக்கையில் உட்கார்ந்தார், தலையணையைத் தட்டிப் பார்த்தார். நான் மூச்சு விட்டேன். அதற்குள் அவர் முகம் சிங்க் பக்கம் திரும்பிவிட்டது. "இங்கே இன்னும் கொஞ்சம் இருக்கிறது, மாப்பிள்ளை."

சிங்க்கைத் தூக்கிப் பார்த்தேன். அறுத்த ஓட்டையின் பின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு என் தூரிகை எட்டவே இல்லை. நீர் இறங்கி, சிப்போர்டு ஊறிய ரொட்டி போல உப்பியிருந்தது. அந்தப் பலகையை மாற்ற அளவெடுத்து வைத்திருக்கிறேன்.